நிறுவனரின் துடிப்பு

தாளாளர் கோதண்டம் பொறுப்பேற்ற ஆறு ஆண்டுகளில் முதல் தடவையாக மின்னணுவியல் ஆய்வகத்துக்குள் வந்தார். வரும்போதே கைகூப்பிக்கொண்டு வந்தார். துறைத்தலைவர் மிக்கேல்ராஜ் அந்தக் கும்பிடு தனக்குத்தான் என்று நினைத்துக் குனிந்து பதில் கும்பிடு போட்டார். அது வடக்கு மூலையில் இருந்த, மின்னலையைத் திரையில் கோடாகக் காட்டும் பழைய ஆஸிலோஸ்கோப்புக்கு.

“இதுதானுங்களே, அப்பா ஜெர்மனியில இருந்து கப்பல்ல வரவழைச்சது?”

“இதேதான் சார்,” என்றார் மிக்கேல்ராஜ்.

ஆய்வகப் பயிற்றுநர் கமர்ஜஹான் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். பெட்டி செய்த நாட்டின் பெயர் பின்பக்கத் தகட்டில் பொறித்திருந்தது. அது ஜெர்மனி இல்லை. வந்த வழியும் அவளுக்குத் தெரியும். நிறுவனர் அழகர்சாமி ஒட்டன்சத்திரத்தில் தக்காளி மண்டி வைத்திருந்தவர். ரெட்டியார்சத்திரம் தாண்டி, சாலையோரத்து மானாவாரி நிலத்தில் அவர் கல்லூரி கட்டியபோது, அனுமதி தர வந்த குழு நான்கு ஆஸிலோஸ்கோப் வேண்டும் என்றது. மூன்றைப் புதிதாக வாங்கினார். நான்காவதற்காகக் கோயம்புத்தூரில் மூடிக்கிடந்த ஓர் ஆய்வுக்கூடத்தின் ஏலத்துக்குப் போனார். வரிசையாக ஏழு பெட்டிகள் இருந்தன. எதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் இல்லை. ஒவ்வொன்றாகக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, “எது ரொம்பக் கனமோ அத ஏத்துங்கப்பா” என்றார். முப்பத்தாறு கிலோ. பாலக்காட்டில் தக்காளியை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரியில், வைக்கோலுக்கு நடுவே உட்கார்ந்து அது கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. அந்த லாரியை ஓட்டிய இஷாக்தான் இப்போது தாளாளரின் காரை ஓட்டுகிறார். கதை அவர் சொன்னது.

புதிய மூன்றும் ஆறேழு வருடத்தில் கண்ணை மூடிவிட்டன. கனமானது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டடி நீளம். சாம்பல் நிற இரும்புக் கூடு. முகப்பின் இடப்பக்கம் ஐந்து அங்குல வட்டத்திரை. அதன் மேல் கண்ணாடித் தகட்டில் குறுக்கே பத்தும் நெடுக்கே எட்டுமாகக் கட்டங்கள். திரைக்குக் கீழே வெளிச்சத்தைக் கூட்ட ஒரு குமிழ், கோட்டைக் கூர்மையாக்க ஒன்று, கட்டங்களுக்குப் பின்னால் விளக்குப் போட ஒன்று. வலப்பக்கம் இரண்டு பெரிய குமிழ்கள். ஒன்று அலையின் உயரத்தை அளக்க, மற்றது நேரத்தை அளக்க. ஒவ்வொரு பெரிய குமிழின் நடுவிலும் ஒரு சின்னச் சிவப்புக் குமிழ் உண்டு. அதை வலது கோடிக்குத் திருகி ‘டக்’ என்ற சத்தம் கேட்கும்வரை வைக்காவிட்டால் கட்டம் காட்டும் அளவெல்லாம் பொய். உள்ளே பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வுகள். அவை சூடேற இருபது நிமிடம் ஆகும், அதுவரை கோடு மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், பிறகு ஓர் இடத்தில் நிற்கும். முகப்பின் ஓரத்தில், பெட்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்வதற்கென்று ஒரு முனை இருந்தது. அந்த வளாகத்தில் அப்படி ஒரு ஏற்பாடு வேறு யாரிடமும் இல்லை.

“போட்டுக் காட்டும்மா,” என்றார் தாளாளர்.

கமர்ஜஹான் போட்டாள். இருபது நிமிடம் ஆகும் என்றதும் தாளாளருக்கு நாற்காலி வந்தது, பிறகு இளநீர் வந்தது, கடைசியாகக் கோடும் வந்தது. பச்சை நிறத்தில், மயிரிழை போல, நடுக்கட்டத்தில் அசையாமல் நின்றது.

தாளாளரின் முகம் விழுந்துவிட்டது.

“என்னம்மா இது, நேராப் போவுது?”

“இது பூஜ்யம் சார். உள்ள எதுவும் வரலைன்னா இப்புடித்தான் நேரா நிக்கணும். முதல்ல இதப் பாத்துட்டுத்தான் மத்தத அளக்கவே ஆரம்பிப்போம். இப்புடி நின்னாத்தான் மிஷின் சுத்தமா இருக்குன்னு அர்த்தம்.”

“சினிமாவுல இந்தக் கோடு எப்ப வருமுன்னு தெரியுமுங்களா உங்களுக்கு?”

எல்லாருக்கும் தெரியும்.

“எங்கப்பா சிலையில இந்தக் கோடு ஓடுனா ஜனம் என்ன நினைக்கும்?” தாளாளர் எழுந்து நின்றார். “துடிக்கோணுங்க. அப்பாவோட இதயம் துடிக்கோணும். வர்ற புதன்கிழமை நிறுவனர் நாள். ‘நிறுவனரின் இதயம் இன்றும் துடிக்கிறது’ன்னு ஃபிளெக்ஸே அடிச்சாச்சு.”

நிறுவனர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன என்பதை அந்த அறையில் நினைவுபடுத்தக்கூடிய ஒரே ஆள் மிக்கேல்ராஜ். அவர், “அற்புதமான கான்செப்ட் சார்,” என்றார்.

முதலில் சிலையின் நெஞ்சைத் திறந்து பெட்டியை உள்ளே வைப்பதாகத்தான் யோசனை. சிலை வெண்கல வண்ணம் பூசிய ஃபைபர். நெஞ்சின் ஆழம் பதினாலு அங்குலம். பெட்டியின் நீளம் இரண்டடி. நிறுவனரின் முதுகு வழியாக வால்வுகள் வெளியே தெரியும் என்று கமர்ஜஹான் சொன்ன பிறகு, பக்கத்தில் மேசை போட்டு வைப்பது என்று முடிவானது. பின்வரிசைக்கும் தெரியும்படி ஒரு கேமரா திரையைப் பிடித்து, அரங்கின் சுவரில் பெரிதாகக் காட்டும்.

கமர்ஜஹான் அலை உண்டாக்கும் கருவி ஒன்றை மேசைக்கு அடியில் வைத்து இணைத்துவிடலாம் என்றாள்.

“டூப்ளிகேட்டா?” தாளாளருக்குக் கண் கலங்கியேவிட்டது. “எங்கப்பா துடிப்பு டூப்ளிகேட்டா? வேண்டாமுங்க. ஒரிஜினல் இதயமா இருக்கோணும்.”

அதன் பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். கமர்ஜஹான் பதினொரு ஆண்டுகளாகத் தற்காலிகப் பணியில் இருப்பது தனக்குத் தெரியும் என்றார். நிரந்தர உத்தரவு தட்டச்சாகித் தன் மேசையில் இருக்கிறது, நிறுவனர் நாளன்று மேடையிலேயே கையெழுத்துப் போட்டுக் கையில் தருவேன் என்றார். “துடிப்பு நல்லா வரட்டும்,” என்று முடித்தார்.

உயிர்மருத்துவ வகுப்புக்கென்று ஒரு சிறு பெட்டி இருந்தது. இரண்டு மணிக்கட்டிலும் ஒரு கணுக்காலிலும் கவ்விகளை மாட்டினால், நெஞ்சின் மின்துடிப்பைப் பெரிதாக்கி ஆஸிலோஸ்கோப்புக்குத் தரும். முதலில் தாளாளரே தன் கையை நீட்டினார். அப்பா ரத்தம்தானே. கவ்விகளை மாட்டியதும் அவர் அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பேசும்போது அவருக்குக் கை தானாக ஆடும். கை ஆடினால் தசையின் நடுக்கம் கோட்டில் ஏறிவிடும். திரையில் வந்தது இதயம் மாதிரி இல்லை, சோளக்காட்டில் மாடு புகுந்த மாதிரி இருந்தது. அடுத்து மிக்கேல்ராஜ். தாளாளர் பார்த்துக்கொண்டு நின்றதால் அவருக்கு நிமிடத்துக்கு நூற்று முப்பது. “அப்பா இம்புட்டு அவசரப்பட மாட்டாருங்க,” என்று தாளாளர் தள்ளிவிட்டார்.

ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்காரக்கூடிய ஆள் வேண்டும். விழாவில் அந்த ஆள் இல்லை என்று யாரும் தேடக்கூடாது. இந்த இரண்டு தகுதியும் சேர்ந்து இருந்தது துப்புரவுப் பணியாளர் பேச்சாயிக்குத்தான்.

“எதுக்குத் தாயி, கரண்டு கிரண்டு அடிக்குமா?” என்றாள் பேச்சாயி. ஐம்பத்தாறு வயது. நாலு மாடிக் கட்டிடத்தை ஒற்றை ஆளாகப் பெருக்குகிறவள்.

“அடிக்காதுக்கா. இந்தச் சின்னப் பெட்டி பேட்டரில ஓடுது. நீங்க சும்மா உக்காந்திருந்தாப் போதும்.”

“சும்மாவா? இங்க சேந்து பதினெட்டு வருசமாச்சு, உக்காருன்னு சொன்ன மொத ஆளு நீதான்.” பேச்சாயி ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினாள். “நாலாவது மாடி ஏறுறதுக்குள்ள மூச்சு முட்டுது தாயி இப்பல்லாம். வாயுவுன்னு நெனைக்கேன். ஒரு சோடா குடிச்சா ஏப்பம் வந்து செத்த நேரத்துல சரியாப் போகுது.”

“டாக்டர்ட்ட காட்டுனீங்களா?”

“லீவு போட்டா மாடிய யாரு கூட்டுவா? நீயா?”

கமர்ஜஹான் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிறகு அவள் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

ஒளிப்புள்ளி இடமிருந்து வலமாக ஊர்ந்தது. ஒரு சிறு மேடு, ஒரு கூர்முனை, ஒரு சரிவு, மறுபடி நேர்கோடு. மறுபடி மேடு. தாளாளர் கைகட்டி நின்று பார்த்தார். “ராஜ நடையுங்க,” என்றார். “அச்சு அசல் அப்பா.”

புதன்கிழமை காலை பத்தரைக்கு அரங்கம் நிறைந்துவிட்டது. ஐந்நூறு மாணவர்களுக்கு வருகைப் பதிவு அரங்க வாசலிலேயே எடுக்கப்பட்டதால் பக்தியில் குறைவில்லை. ஆஸிலோஸ்கோப்பின் கூட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டிருந்தார்கள். காற்றுத் துளைகளை மாலை மூடாதபடி கமர்ஜஹான் அதைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கட்டினாள். மேடையின் பின்திரைக்கு அந்தப்பக்கம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பேச்சாயி. மூன்று ஒயர்கள் திரைக்கு அடியில் வந்து, நிறுவனரின் பீடத்தைச் சுற்றி, சிறு பெட்டி வழியாக ஆஸிலோஸ்கோப்புக்குப் போயின.

“கைய ஆட்டக்கூடாதுக்கா. இருமக்கூட வேண்டாம்.”

“கல்லு மாதிரி இருக்கேன், நீ போ. காலையில இருந்து இந்தக் கை மட்டும் கொஞ்சம் கனமா இருக்கு. மாலைக் கூடையத் தூக்குனேன்ல.”

விளக்குகள் அணைந்தன. சுவரில் ஆளுயரத்துக்குப் பச்சை ஒளி எழுந்தது. துடித்தது. பின்னணியில் நாதஸ்வரம். முன்வரிசையில் சிறப்பு விருந்தினர் கைக்குட்டையை எடுத்தார். ஒலிபெருக்கி முன்னால் நின்ற தாளாளர் ஒரு கணம் பேச்சு வராமல் தவித்தார். எழுதி வைத்திருந்த உரையில் அந்த இடத்தில் ‘தவிப்பு’ என்று அடைப்புக்குறிக்குள் இருந்தது.

மேசைத்தட்டில், நிரந்தர உத்தரவோடு ஒரு பழுப்பு உறை இருந்தது. கமர்ஜஹானுக்கு அது தெரிந்தது. கோட்டுக்கும் உறைக்கும் நடுவே அவள் கண் போய்ப் போய் வந்தது.

“எங்கப்பா எட்டு வயசுல தக்காளிக் கூடை சுமந்தாரு,” என்றார் தாளாளர்.

கோடு திடீரென்று ஒரு பெரிய, அகன்ற மேடாக எழும்பி விழுந்தது.

அரங்கம் மூச்சை இழுத்தது. “அய்யா கேட்டுக்கிட்டு இருக்காரு!” என்று யாரோ கத்தினார்கள். கைதட்டல். தாளாளர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே மயிர்க்கூச்செறிந்தது. உரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டுச் சொந்தமாகப் பேச ஆரம்பித்தார்.

“செருப்பில்லாம சந்தைக்கு நடந்தாரு!”

அகன்ற மேடு, அடுத்தடுத்து இரண்டு. பலத்த கைதட்டல்.

“பச்சைத் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்தாரு!”

மூன்று. சிறப்பு விருந்தினர் எழுந்து நின்றே தட்டினார்.

கமர்ஜஹான் தட்டவில்லை. அவள் கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். கூர்முனைக்குப் பிறகு பழைய இடத்துக்கு இறங்க வேண்டிய கோடு இறங்கவில்லை. ஒரு கட்டம் மேலேயே நின்று, அங்கிருந்தே அடுத்த துடிப்புக்குப் போயிற்று. நேற்று ஒத்திகையில் இப்படி இல்லை. வகுப்பில் மாணவர்களுக்குப் பாடம் எடுத்ததில், இது புத்தகத்தில் மாரடைப்புப் பக்கத்தில் வரும் படம் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் பெட்டி பழையது. வால்வு சூட்டில் கோடு நகரும். மாலையின் ஈரம் முனையில் இறங்கியிருக்கலாம். கவ்வி நழுவியிருக்கலாம். பிழை ஆளிடமா கருவியிடமா என்று தெரிய ஒரே வழிதான். உள்ளே வருவதைத் துண்டித்துப் பூஜ்யம் பார்க்க வேண்டும். முகப்பில் அதற்கென்று விரல்நுனி அளவில், சுவிட்ச் மாதிரி ஒரு நெம்பி இருந்தது. பதினொரு ஆண்டுகளாக ஒவ்வொரு வகுப்பிலும் அவள் முதலில் தட்டுவது அதைத்தான். இப்போது தட்டினால் ஐந்நூறு பேர் பார்க்க, சுவரில், ஆளுயரத்துக்கு நிறுவனர் இறந்துபோவார்.

மிக்கேல்ராஜ் அவள் விரலைப் பார்த்துவிட்டார். அருகில் வந்து பல்லிடுக்கில் சொன்னார்: “மேடம், அதத் தொடாதீங்க. உறை மேசையிலதான் இருக்கு.”

“பூஜ்யம் பாக்கணும் சார்.”

“அப்பறம் பாக்கலாம்மா. ஒரு கால் மணி நேரம்.”

கமர்ஜஹான் நெம்பியைத் தட்டினாள்.

கோடு நடுக்கட்டத்தில் வந்து நின்றது. ஒரு மயிரிழைகூட மேலே இல்லை, கீழே இல்லை. நடுக்கம் இல்லை. பெட்டி சுத்தமாக இருந்தது.

அவள் நெம்பியை அப்படியே விட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் ஓடினாள்.

பேச்சாயி வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். சேலை முழுக்க நனைந்திருந்தது. மூக்கு நுனியில் வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. உதடு வெளுத்திருந்தது.

“அக்கா! நெஞ்சு வலிக்குதா? எப்ப இருந்து?”

“மொதல்ல இருந்தே...” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “நீ ஆடக்கூடாதுன்னியே தாயி.”

அரங்கத்தில் சுவரெங்கும் நேர்கோடு. ஒரு பெண் விசும்பும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலிகள் நகர்ந்தன. முன்வரிசை எழுந்தது, அதைப் பார்த்து அடுத்த வரிசை, கடைசியில் ஐந்நூறு பேரும் தலைகுனிந்து நின்றார்கள். சினிமாவில் பார்த்தது யாருக்கும் மறக்கவில்லை. தாளாளர் சுவரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். மண்டியில் ஏலம் விடுகிறவரின் பிள்ளை. ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

“இரண்டு நிமிட மௌன அஞ்சலி,” என்றார்.

அந்த மௌனத்தில், திரைக்குப் பின்னாலிருந்து கமர்ஜஹானின் குரல் தெளிவாகக் கேட்டது. “மிக்கேல்ராஜ் சார், வாங்க. கால் பக்கம் பிடிங்க.”

மிக்கேல்ராஜ் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார். தாளாளரைப் பார்த்தார். தாளாளர் கண்ணை மூடியிருந்தார். மிக்கேல்ராஜும் அஞ்சலியில் இருப்பவர் போலவே கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து திரைக்குள் போனார். போனதும் நாற்காலியின் கால்களைப் பிடித்துத் தூக்கினார். அவருக்கு அந்தப் பலம் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. பேச்சாயி நாற்காலியோடு பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். கணுக்காலில் மாட்டிய கவ்வியும் ஒயரும் தரையில் இழுபட்டு வந்தன.

பின்வாசலருகே தாளாளரின் கார் நின்றது.

“இஷாக்கண்ணே, எடுங்க. பெரியாஸ்பத்திரி.”

“ஐயாட்ட ஒரு வார்த்த கேக்கணுமேம்மா.”

“ஐயா மௌன அஞ்சலில இருக்காக. இப்பப் பேச மாட்டாக.”

இஷாக் பேச்சாயியின் முகத்தைப் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டுச் சாவியைத் திருகினார். திண்டுக்கல் வரைக்கும் அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று மருத்துவர் சொன்னார். நெஞ்சின் ரத்தக் குழாயில் அடைப்பு. மறுநாள் மாலை கமர்ஜஹான் உள்ளே போனபோது பேச்சாயியின் தலைமாட்டில் ஒரு திரையில் பச்சைக் கோடு துள்ளிக்கொண்டிருந்தது. பேச்சாயி கண்ணை உருட்டி அதைக் காட்டினாள்.

“இதுலயும் பெரியய்யாதான் ஓடுறாரா?”

“இல்லக்கா. இது நீங்க.”

“ஆட்டலாமா கைய?”

“ஆட்டுங்க.”

வெள்ளிக்கிழமை கமர்ஜஹானுக்குக் குறிப்பாணை வந்தது. நிறுவனர் நாள் விழாவில், நிர்வாகத்தின் முன் அனுமதி பெறாமல், காலை 11.42 மணிக்கு நிறுவனரின் இதயத் துடிப்பை நிறுத்தியதற்கு மூன்று நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக விளக்கம் தர வேண்டும் என்று அதில் இருந்தது. அவள் அன்றே எழுதிக் கொடுத்தாள். திரையில் ஓடியது பேச்சாயி, வயது 56, துப்புரவுப் பணியாளர் என்பவரின் துடிப்பு. அதில் கோளாறு தெரிந்ததால் கருவியின் பூஜ்யத்தைச் சரிபார்த்தேன். பூஜ்யம் சரியாக இருந்தது.

தாளாளர் அதை மூன்று முறை படித்தார். மேலே நடவடிக்கை எடுக்க வேண்டுமானால் இந்தத் தாள் கோப்பில் ஏற வேண்டும். ஏறினால் யாருடைய நெஞ்சு என்பதும் ஏறிவிடும். விளக்கம் மேசை இழுப்பறைக்குள் போயிற்று. பழுப்பு உறை ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. இரண்டும் சேர்ந்து இன்னும் அங்கேயே இருக்கின்றன. கமர்ஜஹான் தற்காலிகமாகவே தொடர்கிறாள். கல்லூரியின் ஆண்டு மலரில், தலைகுனிந்து நிற்கும் கூட்டத்தின் வண்ணப்படம் முழுப்பக்கத்துக்கு வந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பேச்சாயி ஆய்வகத்துக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். இனிமேல் தரைத்தளம் மட்டும் போதும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு மடியில் இருந்தது. ஸ்டூலை இழுத்துப்போட்டு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

“ஒரு தடவ எனக்குக் காட்டு தாயி. அன்னைக்கி ஊரே பாத்துச்சு. நான் திரைக்கு அங்கிட்டு இருந்தேன். பாக்கவே இல்ல.”

கமர்ஜஹான் பெட்டியைப் போட்டாள். இருபது நிமிடம் இருவரும் வெங்காய விலையைப் பற்றிப் பேசினார்கள். கோடு இறங்கி இறங்கி ஓர் இடத்தில் நின்றது. சிவப்புக் குமிழைத் திருகி ‘டக்’ வைத்தாள். நெம்பியைத் தட்டிப் பூஜ்யம் பார்த்தாள். பிறகு கவ்விகளை மாட்டினாள்.

பேச்சாயி கட்டங்களுக்குள் ஊர்ந்து போகும் புள்ளியை வெகுநேரம் பார்த்தாள்.

“இம்புட்டுத்தானா? இதுக்கா அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நின்னாக?”

“இதுக்கு இல்லக்கா. இதுக்குக் கைதான் தட்டுனாங்க. நின்னது நேர்கோட்டுக்கு.”

பேச்சாயி கவ்வி மாட்டிய கையைத் தூக்கி, மூக்கை நன்றாகச் சொறிந்தாள். கோடு திரையை விட்டே எகிறிக் குதித்துவிட்டுத் திரும்பி வந்தது.